மேடை விளிம்பு படுத்தும் பாடு: டைல் ஓரக் கோளாறுகளைக் கண்டறிந்து சரிசெய்யும் வழி

டைல் பதித்த சமையல் மேடையில் நடுவில் உள்ள டைல்கள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கெடுவது விளிம்புதான். குக்கர் இடிப்பது, ஈரத்துணி வடிவது, நின்று சமைப்பவரின் இடுப்பு உரசுவது, தேங்காய்த் துருவியின் திருகு நெரிப்பது எல்லாம் அங்கேதான். கெட்டவுடன் வீட்டுக்கு வீடு நடப்பதும் ஒன்றுதான்: ஒரு பாக்கெட் ஒயிட் சிமெண்ட் வாங்கிக் குழைத்து இடுக்கில் அப்பிவிடுவார்கள். சில மாதங்களில் அது மஞ்சள் பூத்து உதிரும். பிறகு இன்னொரு பாக்கெட்.

ஆடுகிற டைலுக்கு மேல் எதைப் பூசினாலும் நிற்காது. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் என் முதல் கேள்வி, "துண்டு ஆடுகிறதா, ஆடவில்லையா?" என்பதுதான். ஆடவில்லை என்றால் வேலை இடுக்கோடு முடியும். ஆடினால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். பூசி மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

இங்கே சொல்வது நம் வீடுகளில் வழக்கமான இரண்டு வகை மேடைகளுக்கு. ஒன்று, செங்கல் கட்டின்மேல் கடப்பாக் கல் பரப்பி, அதன்மேல் டைல் ஒட்டியது. மற்றது, கம்பி கட்டி கான்கிரீட் வார்த்து டைல் பதித்தது. ப்ளைவுட் மேடைக்குத் தனியாகச் சில வரிகள் பின்னால் இருக்கின்றன. மேடையின் முகப்பில் நெடுக ஒட்டப்படும் குறுகிய டைல் துண்டுகளை முன்பட்டை என்று சொல்கிறேன்.

எதையும் பெயர்க்கும் முன் செய்யும் சோதனைகள்

ஒரு நாணயத்தின் விளிம்பால் முன்பட்டையையும் அதை ஒட்டிய மேல்டைலையும் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். பசை நிறைந்த இடத்தில் ஓசை கெட்டியாக, அடங்கிக் கேட்கும். பிடிப்பு விட்ட இடத்தில் பொள்ளென்று ஓசை மாறும். மாறிய இடங்களைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். அடுத்து ஒவ்வொரு துண்டின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கட்டைவிரலால் மாறிமாறி அழுத்துங்கள். மயிரிழை அசைவுகூட விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

டைல் எந்த வகை என்றும் தெரிய வேண்டும். மீதித் துண்டு ஒன்று இருந்தால் அதன் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது சுவருக்கான செராமிக் டைல். அப்படியே உருண்டு நின்றால் விட்ரிஃபைடு. விட்ரிஃபைடு டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. வெறும் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அதில் ஒட்டாமல் போவதற்கும் அதுவே காரணம்.

கோளாறு 1: முன்பட்டை ஆடுகிறது, அல்லது கழன்றுவிட்டது

கழன்ற துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யார் செய்த வேலை, எங்கே தவறியது என்பதெல்லாம் அதன் முதுகில்தான் இருக்கிறது.

முதுகு துடைத்தாற்போல் சுத்தமாக இருக்கிறது, பசை முழுவதும் மேடையில் நிற்கிறது என்றால் டைலின் பக்கம்தான் பிழை. பெரும்பாலும் விட்ரிஃபைடு டைலைச் சிமெண்ட் பாலால் ஒட்டியிருப்பார்கள். அல்லது முதுகில் இருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்திருக்க மாட்டார்கள். சூளையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலின் அடியில் தடவும் பூச்சு அது. புது டைலின் முதுகில் விரலை ஓட்டினால் மாவு போல வரும். ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தால் போய்விடும்; ஆனால் அவசரத்தில் யாரும் துடைப்பதில்லை. மூன்றாவதாக, மின்விசிறி சுழலும் அறையில் பசையைத் தடவி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம். மேலே ஆடை கட்டிய பசை எதையும் பிடிக்காது.

பசை டைலோடு வந்துவிட்டது, மேடை முகப்பு வெறுமையாக இருக்கிறது என்றால் பிழை அடித்தளத்தில். சுண்ணாம்போ பெயிண்டோ அடித்த பூச்சின்மேல் ஒட்டியிருப்பார்கள். அல்லது கடப்பாக் கல்லின் வழுவழுப்பான பக்கத்தில் கொத்துப் போடாமல் ஒட்டியிருப்பார்கள். பழைய மேடையானால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து தேய்த்துக் கழுவி, காயவிட்டு, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது.

முதுகில் நான்கைந்து பசை உருண்டைகள் மட்டும் இருந்தால் வேறு விசாரணையே வேண்டாம். உருண்டைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் தண்ணீர் புகுந்து தங்கும். ஓரத்தில் ஒரு இடி பட்டால் டைல் உடையும். நான் பார்த்த முன்பட்டைக் கோளாறுகளில் இதுவே மிகுதி. துண்டு சிறியதுதானே என்று உருண்டை வைத்து அழுத்திவிடுகிறார்கள். சிறிய துண்டுக்குத்தான் பிடிப்புப் பரப்பு குறைவு என்பதை நினைப்பதில்லை.

டைல், பசை, சிமெண்ட் பூச்சு மூன்றும் சேர்ந்து கட்டியாக வந்துவிட்டால் பூச்சுதான் வலுவிழந்திருக்கிறது. சுரண்டினால் மணலாகக் கொட்டும். கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுத்து, மறுபூச்சு பூசி, நீராற்றி, காயவிட்ட பிறகுதான் டைல். பூச்சு ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் போயிருந்தால் நீங்களே செய்யலாம். மேடையின் பாதி நீளத்துக்குப் பொள்ளென்று கேட்டால் கொத்தனாரை அழையுங்கள்.

மறுபடி ஒட்டும் முறை

பழைய பசையை உளியால் முழுவதும் எடுங்கள். மீதம் விட்டால் பட்டை முன்னே துருத்தும். தூசியைத் துடையுங்கள். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரக் குறியும் வகை எண்ணும் அச்சிட்ட டைல் பசையை வாங்குங்கள். விட்ரிஃபைடுக்கு 2-ஆம் வகைக்குக் குறையக் கூடாது. வழுவழுப்பான கடப்பா முகப்பானால், அதைக் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்கிவிட்டு அதற்கும் மேலான வகையையோ இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சிப் பசையையோ நாடலாம்.

மூட்டையில் சொன்ன அளவுக்கே தண்ணீர் விட வேண்டும். கலக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, மறுபடி கிளறுங்கள். இந்த இரண்டாம் கிளறலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேடை முகப்பில் பல்கரண்டியால் (விளிம்பில் பற்கள் உள்ள கரண்டி) சீவியது போலத் தடவி, டைலின் முதுகிலும் மெல்லிய படலமாக முழுவதும் பூசி அழுத்துங்கள். பசையை விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்க முயல்வது வீண்.

செராமிக் டைலைச் சிமெண்ட் கலவையில் பதிப்பதானால் முன்னதாகத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பசையில் ஒட்டுவதானால் ஊறவைக்கவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மேஸ்திரிகளிலும் உண்டு.

முன்பட்டை சுவர் டைலைப் போல அடுத்த வரிசையின்மேல் உட்காருவதில்லை; அந்தரத்தில் நிற்கிறது. கீழே ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக் கொடுத்து, மேல்டைலுக்கும் பட்டைக்கும் குறுக்கே ஒட்டுநாடா போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் துருவியை மாட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

கோளாறு 2: துண்டு ஆடவில்லை, ஆனால் விளிம்புக் கோட்டில் கிரவுட் உதிர்கிறது

கிரவுட், அதாவது டைல் இடுக்கை நிரப்பும் கலவை, மேலாகப் பொடிந்து மணல் மணலாக வருகிறதா? கழுவும் திரவத்தைச் சந்தேகியுங்கள். கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட் மேடைக்கும் வந்திருக்கும். ஆசிட் சிமெண்டைத் தின்னும். கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல் என்பதால் இடுக்கு வழியே இறங்கினால் அதையும் தின்னும். எலுமிச்சை, புளி, பொங்கி வழியும் இட்லி மாவு ஆகியவையும் மெதுவாக இதையே செய்கின்றன. உடனே துடைத்தால் பாதகமில்லை. பாத்திரம் கழுவும் சோப்புக்கு மாறி, பொடிந்ததைச் சுரண்டிவிட்டு, புதுக் கிரவுட் போட்டால் போதும்.

நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிறதா? கிரவுட்டைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். எளிதாக இடுக்கில் ஓடும் என்று அப்படிச் செய்வது வழக்கம். பற்பசை பதத்தில் குழைத்து ரப்பர் பலகையால் அழுத்தி ஏற்ற வேண்டும். பழையதை ஆழமாகச் சுரண்டி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மேலாக ஒரு பூச்சுப் பூசினால் அது தோலாக உரியும்.

கிரவுட் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் மேல்டைலும் முன்பட்டையும் சேரும் கோட்டில் நெடுக மயிரிழை விரிசல். இதைச் சரிசெய்ய எத்தனை முறை கிரவுட் போட்டாலும் திரும்ப வரும். இரு திசைத் தளங்கள் சந்திக்கும் மூலையில் சூட்டுக்கும் சுமைக்கும் ஏற்ப மயிரளவு அசைவு இருந்துகொண்டே இருக்கும். கெட்டிக் கிரவுட்டால் அதற்கு வளைந்துகொடுக்க முடியாது. அங்கே சிலிகான், அதாவது காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் பசை, போட வேண்டும். மேடை பின்சுவரோடு சேரும் கோட்டுக்கும் இதே மருந்துதான்.

சிலிகானில் இரண்டு வகை. புளித்த காடி நெடி அடிப்பது கண்ணாடிக்குச் சரி. சிமெண்டுக்கும் கடப்பாவுக்கும் உலோகப் பட்டைக்கும் ஆகாது. நெடியில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூஞ்சை பிடிக்காத வகை கிடைத்தால் இன்னும் நல்லது. இடுக்கில் உள்ள கிரவுட்டை முழுவதும் எடுத்து, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புநீரில் நனைத்த விரலால் ஒருமுறை மட்டும் வழித்துவிடுங்கள். ஆடை கட்டும் முன் நாடாவை உரிக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. பழைய சிலிகானின்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிகான்கூட. அதனால் மிச்சமில்லாமல் பிளேடால் வழித்தெடுங்கள்.

சிலிகானும் ஆறு மாதத்துக்குள் ஒரு பக்கம் விட்டுப்போனால் மேடைப் பலகையே அசைகிறது. விரிசலின் குறுக்கே பென்சிலால் நேர்க்கோடுகள் இழுத்து வையுங்கள். மேடை ஓரத்தில் நிறைகுடம் ஒன்றை வைத்துப் பாருங்கள். கோடு விலகினால் கடப்பாவுக்குக் கீழே தாங்கு சுவர் போதவில்லை அல்லது கல் எங்கோ வெடித்திருக்கிறது. இதற்கு மேல் டைல் வேலையில் காசு போடாதீர்கள். கொத்தனார் வந்து கீழே தாங்கு கொடுக்க வேண்டும்.

எபாக்சி கிரவுட் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளும் எண்ணெயும் ஏறாது, ஆசிட் தின்னாது. மேல்டைல்களின் இடுக்குகளுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் கலந்த பிறகு சிறிது நேரமே கையில் இருக்கும்; மே மாத வெயிலில் அதுவும் குறையும். சிறுசிறு பங்காகக் கலந்து, கை பழகும்வரை ஒரு முழ நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். டைல்மேல் படிந்த படலத்தை அப்போதே ஈரப் பஞ்சால் துடைத்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் அதை எடுப்பதற்குள் கை விட்டுப்போகும்.

கோளாறு 3: தண்ணீர் ஓரத்தில் தேங்குகிறது, அல்லது கீழ் அலமாரிக்குள் வடிகிறது

ஒரு தம்ளர் தண்ணீரை மேடை நடுவில் ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். ரசமட்டம் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரே போதும்.

ஓரத்துக்கு வந்து நின்றுவிடுகிறது என்றால், உலோக டிரிம் (டைல் ஓரத்தை மூடும் பட்டை) டைலைவிட உயர்ந்து நிற்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். டிரிம்மின் உயரம் டைலின் கனத்துக்குச் சமமாக, அல்லது மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். 8 மி.மீ. டைலுக்கு 10 மி.மீ. டிரிம் போட்டால் மேடைக்கு வரப்புக் கட்டியது போலாகும். கடையில் பெரும்பாலும் டைலின் கனத்தைக் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். டைல் துண்டைக் கையோடு கொண்டு போங்கள். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் டிரிம்மைத் தேய்த்துக் குறைக்க முடியாது. ஓர வரிசை டைல்களைப் பெயர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் டிரிம்மை ஒட்டி மெல்லிய சிலிகான் சரிவு ஒன்று போட்டுக்கொள்ளலாம். அழகாக இராது; தண்ணீர் நிற்காது.

ஓரத்தைத் தாண்டி முன்பட்டை வழியே இறங்கி, பட்டையின் அடிவழியே உள்ளே ஓடி அலமாரிக் கதவின் உள்பக்கத்தை நனைக்கிறது என்றால் பட்டையின் அடி ஓரத்தில் சொட்டவிடும் இடம் இல்லை. முன்பட்டை, மேடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு சென்டிமீட்டராவது இறங்கி நிற்க வேண்டும். அப்போது தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பட்டை மேடை அடியோடு மட்டமாக நின்றால், பட்டைக்குச் சற்று உள்ளே மேடையின் அடியில் ஒரு சிலிகான் வரி இழுத்துவிடுங்கள். தண்ணீர் அந்த வரியில் தடுக்கிச் சொட்டும். மலிவான வேலை, நன்றாகவே பலிக்கிறது.

தண்ணீர் ஓரத்துக்கே வரவில்லை, ஆனாலும் பட்டைக்குப் பின்னால் ஈரம் இருக்கிறது என்றால், இடுக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். முன்பட்டை மேலே வரை ஏறி, இடுக்கு வானத்தைப் பார்த்தபடி இருந்தால் மேடையில் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் அதில்தான் இறங்கும். மேல்டைல் முன்பட்டையின் தலைக்கு மேல் நீண்டு நின்று, இடுக்கு முகப்பைப் பார்த்தபடி இருப்பதே சரி. புதிதாக மேடை போடுபவர்கள் மேஸ்திரியிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். போட்டாகிவிட்டது என்றால் சிலிகான் இடுக்கை ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்.

ஈரம் சிங்க்கின் அருகில் மட்டும் என்றால் விளிம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். சிங்க்கின் ஓரச் சிலிகானும் குழாயின் அடி வளையமும்தான் முதல் சந்தேகம். குழாயை முழுநாள் பயன்படுத்தாமல் விட்ட பிறகும் ஈரம் வந்துகொண்டிருந்தால் சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறது. பிளம்பரை அழையுங்கள்.

கோளாறு 4: 45 பாகையில் வெட்டிச் சேர்த்த விளிம்பு சில்லு சில்லாக உடைகிறது

மேல்டைலையும் முன்பட்டையையும் சாய்வாகச் சீவி, இடுக்கே தெரியாமல் சேர்ப்பது இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் கத்தி முனையாகச் சீவிய டைலைச் சமையலறையில் வைத்தால் உடையாமல் என்ன செய்யும்?

சில்லு ஒன்றிரண்டுதான், தட்டினால் ஓசை கெட்டியாக இருக்கிறது: கூர்முனையை மழுக்கினால் போதும். வைரத்தூள் பதித்த கைத்தேய்ப்பு அட்டை கிடைக்கிறது. தண்ணீர் தொட்டு, விளிம்பை 1 மி.மீ. அளவுக்குச் சரிவாக நெடுகத் தேயுங்கள். டைலின் நிறத்துக்கு இசைந்த எபாக்சியால் சில்லை நிரப்பி, மறுநாள் மீண்டும் தேய்த்தால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சில்லு நெடுக வரிசையாக இருக்கிறது, சீராகப் பல்வரிசை போல: வெட்டும்போதே வந்தது. தேய்ந்துபோன பிளேடால், தண்ணீர் விடாமல், டைலின் முகப்பில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். இதற்கும் மழுக்கித் தேய்ப்பதே வழி, 1 மி.மீ. போதாமல் 2 மி.மீ. தேய்க்க வேண்டி வரலாம். மேல் மெருகில் மட்டும் நிறம் உள்ள டைலானால் அடியில் உள்ள வேறு நிறம் கோடாகத் தெரியும். அதை அடுத்த கோளாறில் பார்ப்போம்.

சில்லு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது: தட்டிப் பாருங்கள். சாய்வெட்டின் பின்னால் பசை நிறையாமல் பொள்ளாக இருக்கும். அல்லது அந்த இடத்தில்தான் தேங்காய்த் துருவியைத் திருகி மாட்டுகிறார்கள். துருவியின் இரும்புத் தாடை டைலின் ஓரத்தை அடியிலிருந்து நெரிக்கிறது; பட்டை கீழே நீண்டு நிற்கும் மேடைகளில் இன்னும் மோசம். துருவியை ஒரு பலகையில் நிரந்தரமாக மாட்டி, பலகையை மேடைமேல் வைத்துத் துருவச் சொல்லுங்கள். பொள்ளாக இருந்தால் அந்தத் துண்டை எடுத்து ஒட்ட வேண்டும். சாய்வெட்டுத் துண்டைப் புதிதாக வெட்டிப் பொருத்துவது கைதேர்ந்த மேஸ்திரியின் வேலை. மேசையில் பொருத்திய நீர்வெட்டு இயந்திரம் இல்லாமல் வருபவரிடம் கொடுக்காதீர்கள்.

கோளாறு 5: வெட்டிய ஓரம் கையைக் கீறுகிறது, அல்லது டைலின் செம்மண் நிறம் தெரிகிறது

கீறுவதை மட்டும் போக்குவது மிக எளிது. வைர அட்டை இல்லையென்றால் நீர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி 120, 220, 400 எண் தாள்கள் என்று வரிசையாகத் தேய்க்கலாம். செராமிக் இதற்கு இணங்கும். விட்ரிஃபைடு கடினம், உப்புத்தாள்தான் தேயும், வைரம் வேண்டும்.

உள்நிறம் தெரிவதை மறைக்க எனாமல் பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. ஈரம் படும் ஓரத்தில் அது சீக்கிரமே உரியும். மலிவான வழி, நிறமிட்ட எபாக்சி கிரவுட்டை அந்த ஓரத்தில் மெல்லப் பூசித் தேய்ப்பது. நிலையான வழி, டிரிம். ஆனால் டிரிம்மின் கால் டைலுக்கு அடியில் போக வேண்டியது. பதித்த டைலுக்கு இனி டிரிம் வேண்டுமானால், வெளியிலிருந்து ஒட்டும் ‘ட’ வடிவப் பட்டைதான் இருக்கிறது. அதை நியூட்ரல் சிலிகானால் ஒட்டலாம், கனமில்லாததால் நிற்கும்.

கிரைண்டரால் வெட்டவோ தேய்க்கவோ போகிறீர்கள் என்றால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். டைல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்குகிற தூசி. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீரும் மின்கருவியும் சேர்வதால், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில் மட்டும் சொருகுங்கள். அது வீட்டில் இல்லையென்றால் கிரைண்டரைத் தொடாமல், கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கோளாறு 6: முன்பட்டை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, பழுப்புக் கறை கசிகிறது

மற்றதெல்லாம் தொல்லை, இதுதான் ஆபத்து. கான்கிரீட் மேடைகளில், குறிப்பாகச் சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் பார்க்கலாம். டைலில் பிழை இருக்காது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. மேடைப் பலகையை மெல்லியதாக வார்த்து, கம்பியை முன் ஓரத்துக்கு மிக அருகில் விட்டிருப்பார்கள். இடுக்கு வழியே இறங்கிய உப்புநீர் கம்பியைத் தொட்டுவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்த உப்பல் கான்கிரீட்டைப் பிளந்து, டைலை முன்னே தள்ளுகிறது.

உறுதிசெய்ய, மேடைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன் ஓரத்துக்கு இணையாக நெடுக விரிசல், பழுப்புக் கோடு, உதிர்ந்த கான்கிரீட், வெளியே தெரியும் கம்பி ஆகியவற்றில் எது இருந்தாலும் முடிவு ஒன்றே. கறை இருந்து, அடியில் ஒன்றும் தெரியாவிட்டால், கழன்று நிற்கும் ஒரு துண்டை மட்டும் எடுத்து உள்ளே பாருங்கள்.

கம்பியில் மேலாகத்தான் துரு, ஒரு சாண் நீளத்துக்குத்தான் கான்கிரீட் விட்டிருக்கிறது என்றால் கொத்தனாரே சரிசெய்யலாம். கம்பியின் பின்பக்கம்வரை கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பிப் புருசால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். துருவின்மேலேயே சிமெண்ட் பூசி அடைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது உள்ளே வளர்ந்து இன்னும் அகலமாகப் பிளக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால், அல்லது மேடையின் முன் ஓரம் நடுவில் தாழ்ந்திருந்தால், மேடைமேல் உள்ள கிரைண்டர், அடுப்பு, குடங்களை அன்றே இறக்கிவிட்டுக் கட்டடப் பொறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். எரிவாயுக் குழாய் மேடையைத் துளைத்துப் போகிறது என்றால், மேடையைத் தொடும் முன் எரிவாயு முகவர் அனுப்பும் மெக்கானிக்கைக் கொண்டு குழாயைக் கழற்றுங்கள்.

கோளாறு 7: உலோகப் பட்டை கறுக்கிறது, துருப்புள்ளி விழுகிறது

அலுமினியப் பட்டையில் வெள்ளைப் பொடி பூத்தால் சிமெண்டின் காரம்தான் காரணம். கிரவுட் பூசும்போது படிந்ததை அப்போதே துடைக்காமல் விட்டிருப்பார்கள். அரித்த இடம் மறுபடி பளபளக்காது. நிறம் பூசிய பட்டைக்கு மாறலாம்.

ஸ்டெயின்லெஸ் பட்டையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தால், அருகில் இரும்பை வெட்டினார்களா என்று கேளுங்கள். கிரைண்டரிலிருந்து பறந்த இரும்புத் துகள்கள் ஒட்டித் துருவேறியிருக்கும். நைலான் நாரால் தேய்த்தால் போகும். இரும்பு நாரால் தேய்த்தால் பெருகும். தேய்த்த பிறகும் திரும்ப வந்தால் பட்டையே மட்டமான வகை. 304 வகை எஃகு கேட்டவருக்கு 202 வகையைக் கொடுத்திருக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. இரண்டும் காந்தத்தைப் பிடிப்பதில்லை. வகை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே உருப்படியான காப்பு.

கோளாறு 8: ப்ளைவுட் மேடையின் ஓரம் உப்புகிறது

டைல் ஓரம் மேலெழுந்து, அடிப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்தால் பழுது பார்க்க வழியில்லை. பலகையை மாற்றத்தான் வேண்டும். ஓரம் இன்னும் பிரியவில்லை, ஓரத்தில் அடித்த மரப் பீடிங் மட்டும் கறுத்திருக்கிறது என்றால் பீடிங்கை எடுத்து, பலகையின் வெட்டுமுகத்தை நன்றாகக் காயவிட்டு, எபாக்சியால் அடைத்து, பிவிசி பட்டை ஒட்டலாம். ஒரு மழைக்காலத்தைத் தாண்டினாலே லாபம்.

கோளாறு 9: எல்லாம் சரி, அதே டைல் கிடைக்கவில்லை

இதுவும் அடிக்கடி வருவதால் சேர்த்திருக்கிறேன். கடைக்காரர் "அந்த டிசைன் இப்போது வருவதில்லை" என்பார். கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒன்றை வாங்கி நடுவில் ஒட்டினால் பொய்ப்பல் மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். மேடைக்குப் பின்னால், அடுப்புக்கு அடியில், மிக்சி நிற்கும் மூலையில் முழு டைல் இருந்தால் அதைக் கவனமாகப் பெயர்த்து முன்னே கொண்டுவந்து, மறைவிடத்தில் வேறு டைலைப் போடுங்கள். பெயர்க்கும்போது சுற்றிலும் உள்ள கிரவுட்டை முதலில் முழுவதும் சுரண்டுங்கள். அந்தப் பொறுமை இல்லாமல் உளியை அடித்தால் பக்கத்து டைலும் வெடிக்கும்.

அதுவும் இயலாவிட்டால், முன்பட்டை முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்புக் கிரானைட் பட்டை போடுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே நிறத்தில் நெடுக ஓடுவதால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். கல் அறுக்கும் பட்டறையில் நீளத்தையும் உயரத்தையும் கொடுத்தால் முன் ஓரத்தை உருட்டி மெருகேற்றித் தருவார்கள். உயரத்தை அளக்கும்போது மேல்டைலின் அடியிலிருந்து மேடையின் அடிமட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழ்வரை எடுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து மூடி, அந்த ஒரு சென்டிமீட்டரில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிட்டுக் கல்லை அறுக்கச் சொல்லுங்கள்.